வீட்டு நம்பர் தெரிந்த நஞ்சு

சிங்கப்பூரில் நஞ்சைக் கொஞ்சிப் பேசிய ஒரே மனிதர் எங்கள் குண்டுமணிதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறேன்.

பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மனிதர் உடம்பில் ஒரு குண்டுமணி எடைக்குக்கூடச் சதை கிடையாது. ஏர்கான் காற்று சற்றுப் பலமாக அடித்தால் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தார். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் புற்றுநோய்ச் செல்களைக் கொல்வதற்கு நஞ்சு தயாரிப்பது அவர் வேலை. அவர் கேட்கும் குழாய், கையுறை, பாட்டில் எல்லாவற்றையும் வரவழைத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது என் வேலை. அந்தக் கையெழுத்திலிருந்தும் அவருடைய பெயரைக் கண்டுபிடிக்க முடியாது. கழுத்தில் தொங்கிய அட்டையையும் எப்போதும் திருப்பியே போட்டிருப்பார்.

குண்டுமணி என்ற பெயர் ஒரு பிள்ளையாரால் வந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் விநாயகர் சதுர்த்திக்கு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு களிமண் பிள்ளையாரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த இரண்டு குன்றிமணிகள் வழக்கம்போல் கண்களாகப் பதிந்திருந்தன. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்து வந்தவர் பாதுகாப்பு அதிகாரி திருமதி லிம். அவரும் பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்றார். குண்டுமணி அதோடு விட்டிருக்கலாம். அந்தக் கண்ணுக்குள் இருப்பதும் நாம் அலமாரியில் பூட்டி வைத்திருப்பதும் ஒரே நஞ்சுதான் என்று பெருமையோடு சொல்லித் தொலைத்தார்.

திருமதி லிம் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிவிட்டது. எங்கள் கூடத்தின் விதிப்படி அந்த நஞ்சு எந்த ரூபத்தில் வந்தாலும் பூட்டிய அலமாரிக்குள் இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். அன்று மாலைக்குள் பிள்ளையாருக்கு மஞ்சள் அபாயச் சீட்டு ஒட்டி, வரிசை எண் கொடுத்து, கண்ணாடிக் கதவு போட்ட நஞ்சு அலமாரியின் மேல்தட்டில் குடியேற்றிவிட்டார்கள். கண்களை மட்டும் தோண்டி எடுத்துவிட்டுச் சிலையை மேசையில் வைத்துக்கொள்ளலாமே என்று அந்த அம்மாள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். குண்டுமணி பார்த்த பார்வையில் அவர் இரண்டு நாள் எங்கள் மாடிக்கே வரவில்லை.

சதுர்த்தி முடிந்ததும் பிள்ளையாரைத் தண்ணீரில் கரைக்கவும் வழியில்லை. நஞ்சைத் தண்ணீரில் விடக் கூடாது, எரிக்கத்தான் வேண்டும் என்று விதி சொன்னது. பிள்ளையாரை யார் எரிப்பது? அவர் நிரந்தரவாசி ஆகிவிட்டார்.

குண்டுமணி தினமும் காலையில் அலமாரிக்கு முன்னால் நின்று, பதிவேட்டில் கையெழுத்திட்டு, கதவைத் திறந்து, ஒரு நிமிடம் கண்ணை மூடுவார். பிறகு பூட்டிவிடுவார். திறந்த காரணம் என்ற கட்டத்தில் 'தரிசனம்' என்று தமிழிலேயே எழுதுவார். மாதக் கடைசியில் பதிவேட்டைப் பார்த்த திருமதி லிம், நாள் தவறாமல் இன்ஸ்பெக்‌ஷன் செய்கிற மனிதர் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அவரைப் பாராட்டினார். தரிசனத்துக்கு அதுதான் பொருள் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். தமிழ் தெரிந்த நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் பதிவேடு கணினிக்கு மாறியபோது, காரணங்களின் பட்டியலில் 'எடுத்தல், இடமாற்றம், அழித்தல்' என்பவற்றோடு 'தரிசனம்' என்பதும் ஆங்கில எழுத்தில் முறைப்படி இடம்பிடித்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மேசை வெறிச்சென்று போனதால் இரண்டாவது பிள்ளையார் வந்தார். இவருக்கு நஞ்சில்லாத கண் வேண்டும். சாலையோரத்து சாகா மரங்களின் கீழே சிவப்புச் சிவப்பாக விதைகள் கொட்டிக் கிடக்குமே, அது போதும் என்றார். தெருவுக்குத் தெரு சாகா மரம் இருக்கிற ஊரில், கிராஞ்சியில் உள்ள ஒரு மரம்தான் அவர் கனவில் வந்ததாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனார். விதைகள் உதிர்வதை அண்ணாந்து பார்த்தபடி நின்றதில் வரிசையாக மூன்று பஸ்ஸைக் கோட்டை விட்டார். கடைசியில், தன் அறை இருக்கும் தேக்காவுக்குப் புறப்பட்ட தொழிலாளர்களின் லாரியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஆனால் சாகா விதையில் கறுப்புப் பொட்டு கிடையாது, முழுச் சிவப்பு. அதைப் பதித்ததும் பிள்ளையார் ஒரு வாரம் தூங்காமல் பரீட்சைக்குப் படித்தவர் மாதிரி ஆகிவிட்டார். என்னிடம் மார்க்கர் பேனா வாங்கி, இருவரும் ஆளுக்கொரு கண்ணில் புள்ளி வைத்தோம். என்னுடைய புள்ளி கோணலாக விழுந்தது. அதனால் அந்தப் பிள்ளையார் எப்போதும் வாசலில் யாரையோ எதிர்பார்ப்பது போலவே இருப்பார். அலமாரியில் இருப்பவர் மூலவர், மேசையில் இருப்பவர் உற்சவர் என்று அறிவிக்கப்பட்டது. அறிவித்தவருக்கு அன்றே குண்டுமணி என்று பெயர் வைத்துவிட்டோம்.

அவரோடு வேலை பார்ப்பது பாதித் தூக்கத்தில் இருக்கிற மாதிரி. அவருடைய நஞ்சைக் குளிர் அறைக்குள் வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். உயரமான கண்ணாடிக் குழாயில் மேலே ஊற்றினால் கீழே சொட்டுச் சொட்டாக இறங்கும். கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே பிற்பகல் மழை பிடித்துக்கொள்ளும். உள்ளே சொட்டு விழும். கையெழுத்து வாங்கப் போன நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். மழை எது, குழாய் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு கட்டம் வரும். அப்போது அலுவலகமும் சிங்கப்பூரும் எங்கேயோ தூரத்தில் இருக்கும். எழுந்து வரும்போது எதற்குப் போனேன் என்பதே மறந்துபோயிருக்கும். விழுகிற ஒவ்வொரு சொட்டிடமும் அவர் மெல்லிய குரலில் ஏதோ சொல்வார். ஒரு நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"வழியில எங்கயும் நிக்காதப்பா. நேரா வீட்டுக்குப் போ."

எந்த வீட்டுக்கு என்று நான் கேட்டிருக்கக் கூடாது. அன்று மதியச் சாப்பாடு போயிற்று. குண்டுமணிக்கு மனித உடம்பு என்பது தோ பாயோ போல ஓர் அடுக்குமாடிப் பேட்டை. ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் சமையலறை உண்டு. குன்றிமணி நஞ்சுக்கு இரண்டு பாகம். ஒரு பாகம் எந்த வீட்டுக் கதவையும் பிடித்துக்கொள்ளும், மற்றது உள்ளே போய்ச் சமையலறையைப் பூட்டும். சமையல் நின்றால் அந்த வீடு செத்தது. இவர்கள் செய்வது என்னவென்றால், கதவைப் பிடிக்கும் பாகத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு தபால்காரரை ஒட்டிவிடுவது. அந்தத் தபால்காரருக்குப் புற்றுநோய் வீட்டின் நம்பர் மட்டும்தான் தெரியும். மற்ற வீடுகளைத் தாண்டிப் போய், அந்த வீட்டுக்குள் மட்டும் நுழைந்து பூட்டுப் போடுவார்.

இந்த நம்பர்ப் பித்து அவரை எங்கேயும் விடவில்லை. தேக்கா சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக் டீ கேட்டால்கூட மேசை நம்பரை மூன்று முறை சொல்வார். நான் அதைக் கிண்டல் செய்தே ஒரு வருடத்தை ஓட்டினேன்.

அக்காவின் நோய் திரும்பி வந்ததும் அந்தக் கிண்டல் நின்றுபோனது. என் அக்கா தோ பாயோவில் தனியாக இருக்கிறாள். ஒரு தொடக்கப்பள்ளி கேன்டீனில் பல வருடங்கள் மீ கோரெங் நூடுல்ஸ் போட்டுக் கொடுத்தவள். எனக்கு இருக்கிற ஒரே உறவு. அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய். இரண்டு முறை மருந்துக்கு அடங்கிய நோய் மூன்றாவது முறை எழுந்து வந்துவிட்டது. புதிய மருந்து ஒன்றின் சோதனையில் சேரலாம் என்று டாக்டர் சொன்னார். மற்ற வழிகள் அதிகம் மிச்சமில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்காவுக்குத் தமிழ்தான் சரளமாகப் படிக்க வரும் என்பதால் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுத்தார்கள்.

அதை மொழிபெயர்த்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. 'குறிவைக்கப்பட்ட நஞ்சு உங்கள் உடலினுள் செலுத்தப்படும்' என்று எழுதியிருந்தார். அக்கா அந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"என்னைக் குறிவைச்சு விஷத்தை ஏத்தப்போறாங்களாம். அதுக்கு நானே சைன் போடணுமாம். நல்லா இருக்குலா."

படிவத்தை மடித்து மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். குறி அவள் இல்லை, நோய்தான் என்று சொல்லிப் பார்த்தேன். குண்டுமணி சொன்ன கதையை எடுத்துவிட்டேன். தபால்காரர், பூட்டு, சமையலறை எல்லாம் என் வாயில் குழம்பி, கடைசியில் தபால்காரர் சமைக்க வருகிறார் என்பது போல முடிந்தது. கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன். அவள் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. ஒரு வார்த்தைக்காக இவளை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

மறுநாள் குண்டுமணியைத் தேடிப் போனேன். குளிர் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குழாய் காலியாக இருந்தது, சொட்டு எதுவும் விழவில்லை. அதை ஏன் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. விஷயத்தைச் சொன்னதும், கையெழுத்துப் போடு என்றோ போடாதே என்றோ தான் சொல்லவே முடியாது, அது டாக்டரும் அக்காவும் பேசிக்கொள்ள வேண்டியது என்றார். தாளில் இருப்பது என்ன என்று விளக்குவதானால் வருகிறேன் என்றார். புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு என்று முடிவாயிற்று. புளோக் நம்பர், மாடி, வீட்டு நம்பர் எல்லாவற்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

நான்கு மணிக்கு வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. திறந்தால், கையில் உற்சவரோடு குண்டுமணி. அவரைக் கையோடு கூட்டிவந்த ஒரு மலாய்க்கார அம்மாள் பக்கத்தில் நின்றார். அவர் கையில் ஒரு தட்டு நிறையக் குவே பலகாரம். பக்கத்து புளோக்கில், அதே மாடியில், அதே நம்பர் வீட்டுக்குப் போய், இவர் உட்கார்ந்து பிள்ளையாரை மேசையில் வைத்து நஞ்சைப் பற்றி விளக்க ஆரம்பித்துவிட்டாராம். அந்த வீட்டுப் பெரியவரும் அம்மாளும் மரியாதைக்கு முக்கால் மணி நேரம் கேட்டிருக்கிறார்கள். டீயும் கொடுத்திருக்கிறார்கள்.

"வீட்டு நம்பர் சரிதான்க்கா. கை வேர்த்து புளோக் நம்பர் அழிஞ்சுபோச்சு" என்றார், உள்ளங்கையைக் காட்டி.

நோய் திரும்பியதிலிருந்து அக்கா சிரித்து நான் பார்க்கவில்லை. அன்று சோபாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

குவேயைச் சாப்பிட்டபடி குண்டுமணி படிவத்தை வரி வரியாக விளக்கினார். கேன்டீன்காரிக்குச் சமையலறையைப் பூட்டுவது உடனே பிடிபட்டது. அக்கா இரண்டு முறை தலையாட்டிவிட்டு, நான் எதைக் கேட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேனோ, அதைக் கேட்டாள்.

"உங்க தபால்காரர் தப்பான வீட்டுக்குப் போயிட்டா?"

இல்லை என்று சொல்லித் தொலையேன் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"போவாருக்கா. இப்ப நான் போயிட்டு வந்தேன்ல. எனக்காவது டீ குடுத்தாங்க. அவர் போனா அந்த வீட்டுச் சமையலறையும் பூட்டிக்கும்."

காய்ச்சல் வரும், உடம்பில் நீர் கோத்துக் கால் வீங்கலாம், ஈரலைக் கவனிக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். உடம்பே அந்தத் தபால்காரரை அந்நியர் என்று கண்டுகொண்டு விரட்டினாலும் விரட்டும், மருந்து பலிக்காமலும் போகலாம் என்றார். நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். அக்கா விடவில்லை.

"நீங்க செய்யற மருந்து நல்லா போவுதா?"

குண்டுமணி உற்சவரைச் சற்றுத் திருப்பி வைத்தார்.

"எங்களோடது எலியோட ஈரலுக்குப் போயிருச்சுக்கா. போன வாரம் நிறுத்திட்டாங்க. உங்களுக்குத் தர்றது வேற ஆளுங்க செஞ்சது, நஞ்சும் வேற. வேலை ஒண்ணுதான். இதுக்கு முன்னாடி குடுத்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தாள்ல இருக்கு. அதை டாக்டர்கிட்ட விடாம கேளுங்க."

எனக்கே அப்போதுதான் தெரியும். அத்தனை நாள் சொட்டுகளும் வீணாகப் போயிருந்தன. அந்த மனிதர் என் அக்கா வீட்டு மேசையில் உட்கார்ந்து, தோற்றதைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் மேல் பிரியமாகவும் இருந்தது.

அக்கா பிள்ளையாரைக் கையில் எடுத்தாள்.

"என்னலா இவர் கண்ணு இப்படிச் சிவந்து கிடக்கு?"

குண்டுமணி மூலவர் கதையைச் சொன்னார். சதுர்த்திக்குச் சதுர்த்தி குன்றிமணிக் கண் வைத்த பிள்ளையாரை வாங்கிக் கும்பிட்டவள் அக்கா. அந்தக் கண்ணில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அப்ப வருஷா வருஷம் விஷத்தையா கும்பிட்டேன்?"

"கண்ணைக் கும்பிட்டீங்கக்கா."

அக்கா வெகுநேரம் அந்தக் கோணல் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து தரையில் கட்டம் கட்டமாக விழுந்தது. கீழே யாரோ தபால்பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் படிவத்தை இழுத்து, பேனா எடுத்து, 'குறிவைக்கப்பட்ட நஞ்சு' என்பதை அடித்துவிட்டு, கேன்டீன் பலகையில் எழுதுகிற அந்தப் பெரிய எழுத்தில் மேலே எழுதினாள்: 'வீட்டு நம்பர் தெரிந்த நஞ்சு.'

"எல்லாரும் பயப்படாதீங்க, பயப்படாதீங்கன்னாங்க. எதுக்குப் பயப்படணும்னு இந்தத் தம்பிதான் சொல்றாரு" என்றாள் என்னிடம்.

வெள்ளிக்கிழமை டாக்டரைத் துளைத்தெடுத்த பிறகுதான் சம்மதம் சொன்னாள். அடித்துத் திருத்திய படிவம் செல்லாது என்று தாதி புதிய படிவம் கொடுத்தார். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பழையதைப் பையில் வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் மருந்து ஏற்றும்போது குண்டுமணியும் வந்தார். பழக்கதோஷத்தில் கம்பளிக் குல்லாவையும் கொண்டுவந்திருந்தார். உற்சவர் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மேலே தொங்கிய பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. மழையா சொட்டா என்று பிரிக்க முடியாத அந்தக் கட்டம் மெல்ல வந்தது. குண்டுமணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரோ செய்த மருந்திடம், தன் மருந்திடம் பேசுகிற அதே குரலில் பேசத் தொடங்கினார்.

"வழியில எங்கயும் நிக்காதப்பா. நேரா வீட்டுக்குப் போ."

தூங்கிவிட்டாள் என்று நாங்கள் நினைத்த அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"புளோக் நம்பரையும் சொல்லுங்க தம்பி."

விழித்த பிறகு கனவு ஒன்றைச் சொன்னாள். அவளுடைய புளோக்கில் வீடுகளே இல்லையாம், அடிமாடியிலிருந்து உச்சிவரை தபால்பெட்டிகள்தானாம். மழையோடு மழையாகக் கடிதங்கள் இறங்கினவாம். ஒவ்வொன்றும் ஒரு பெட்டியின் முன்னால் நின்று நம்பரைப் படித்துவிட்டு நகர்ந்ததாம். ஒன்றுகூட அவசரப்படவில்லையாம்.

கடிதங்கள் அவசரப்படாததுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது, கால்கள் வீங்கின. ஒரு தவணையைத் தள்ளிப்போட்டார்கள். நான் எரிந்து விழுந்தேன். குண்டுமணி ஒவ்வொரு தவணைக்கும் வந்து அதே வார்த்தையைச் சொன்னார், புளோக் நம்பரோடு. தவணைகள் முடிந்து செய்த ரத்தப் பரிசோதனையில் நோயின் சுவடு தெரியவில்லை. இப்போதைக்கு, என்று டாக்டர் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு சொல்லோடு நாங்கள் அதை வாங்கிக்கொண்டோம்.

குண்டுமணிக்கு அந்த ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. ஆராய்ச்சி நின்றதால் வேலையும் நின்றது. வேறொரு நாட்டில் இடம் கிடைத்துப் புறப்பட்டார். உற்சவர் அக்காவிடமே இருக்கட்டும் என்றுவிட்டார். மூலவரைக் கூட்டிப்போகப் படிவம் கேட்டார். பெற்றுக்கொள்ளும் இடத்தின் பாதுகாப்புத் தரம், பெட்டியின் வகை, விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பல பக்கம் போயிற்று. சாமியை இந்தப் பாடு படுத்த வேண்டாம் சார் என்று மடித்து வைத்துவிட்டார். பொறுப்பாளர் மாற்றத் தாளில் என் பெயரை எழுதினார். ஒப்படைப்பவர் என்ற இடத்தில் அவருடைய முழுப்பெயர் இருந்தது. படித்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் கொண்ட ஆளை எனக்குத் தெரியாது.

அதிலிருந்து மாதக் கடைசியில் ஒருமுறை அலமாரியைத் திறப்பது என் பொறுப்பு. சீனப் புத்தாண்டுக்குத் திருமதி லிம் கதவுக்கு வெளியே இரண்டு ஆரஞ்சு வைத்துவிட்டுப் போகிறார். பிள்ளையார் உள்ளேயே கிடக்கிறார் பாவம் என்கிறார்.

போன வாரம் அக்காவின் வருடப் பரிசோதனை முடிவு வந்தது. இன்னும் ஒன்றுமில்லை. அக்கா போனில் சொல்லிவிட்டு, மூலவர்கிட்ட சொல்லிடு என்றாள். மாதக் கடைசி வர இன்னும் பல நாள் இருந்தது. நான் போய் அலமாரியைத் திறந்தேன். பிள்ளையார் மஞ்சள் சீட்டோடு இருந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். குண்டுமணியின் ஸ்டூல் கிடந்த குளிர் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பூட்டிவிட்டுக் கணினியில் காரணத்தைத் தேர்ந்தெடுத்தேன்: தரிசனம்.

யாருடைய தரிசனம் என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. இருந்திருந்தால் குண்டுமணி என்று எழுதியிருப்பேன்.